நாடகத்துக்குப் போன லுங்கி

ஏழு மாதமாக என்னோடு பேசாத மகள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "வெள்ளிக்கெழம மத்தியானம் ஸ்கூல்ல டிராமா. நீ வரணும்" என்றாள். வாயில் நுரையோடு திரும்பினேன். அதற்குள் உள்ளே போய்விட்டாள்.

பேசாத மகள் என்றால் அடியோடு பேசாமல் இல்லை. "சாப்ட்டியா" என்று கேட்டால் "ம்" வரும். "பஸ்ஸு கெடச்சுதா" என்றால் அதற்கும் ஒரு "ம்". அப்பா என்ற சொல் மட்டும் வராது. கோபக்காரனுக்குப் பிறந்தவள்தானே, அந்தப் பிடிவாதம் வேறு எங்கிருந்து வரும்? எனக்கு இனி இருக்கிற பிள்ளையும் அவள் ஒருத்திதான். அவளுடைய அண்ணன் போன ஆடியில் பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் பைபாஸில் லாரி மோதிச் செத்துப்போனான். இருபத்தோரு வயது. ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் வேலை. பைக்கில் வேலூர் போய்விட்டு வருகிறேன் என்று போனவன்.

அன்றைக்கு நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களில் புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் வீட்டில் வாய்க்கரிசி போடுவார்கள், பாடைக்குப் பின்னால் தெருமுனை வரை அழுதுகொண்டே வருவார்கள், அதோடு நின்றுவிட வேண்டும். பாலாற்றங்கரைக்கு ஆண்கள்தான் போவோம். என் மகள் தெருமுனையில் நிற்கவில்லை. "நானும் வர்றேன், எங்கண்ணனுக்கு நானும் ஒரு பிடி மண்ணு போடணும்" என்று ஓடிவந்து பாடையின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். பாடை நின்றது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் கையை ஓங்கிக்கொண்டு போய், "பொம்பளப் புள்ளைக்கு அங்க இன்னாடி வேல? போடி ஊட்டுக்கு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அடிக்கவில்லை. ஆனால் அடித்திருந்தால்கூட மறந்திருப்பாள். என் மனைவி அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நான் போய் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

அப்படிப்பட்டவள் 'நீ வரணும்' என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மன்னித்துவிட்டாள் என்றே நினைத்தேன். தோல் பதனிடும் டேனரிக்குப் போனதும் முதல் வேலையாக மேஸ்திரியிடம் வெள்ளிக்கிழமை அரைநாள் கேட்டேன். "இன்னா விசேஷம்?" என்றார். "என் பொண்ணு டிராமால நடிக்கிறா, என்னைக் கூப்ட்டுருக்கா" என்றேன். அந்த 'என்னை' என்ற சொல்லை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. டிரம்மில் தோல் உருளும் சத்தம் அன்றைக்கு எனக்கு மேளம் கொட்டுகிற மாதிரி இருந்தது. பெத்த மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை இரண்டு முறை சோப்பு போட்டுக் குளித்தேன். டேனரி வாடை எங்கே போகும், அது தோலோடு வந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். என் மனைவியும் ஷூ கம்பெனியில் தையல் மெஷினுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். அவள் பைக்கின் பின்னால் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "இன்னா, வாயில கொழுக்கட்டையா?" என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன்.

பள்ளியின் தகரக் கூரை போட்ட ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எனக்கு இடப்பக்கம் மனைவி. வலப்பக்கம் ஆம்பூர் கடைத்தெருவில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் ஒரு பாய் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர், உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிட்டார். "என் பையன்தான் ராஜா. வீட்ல ஒரு மாசமா ஒரே கத்தல். பேஜாராப் போச்சு" என்று பெருமையாக அலுத்துக்கொண்டார். என் பெண்ணும் நடிக்கிறாள் என்றேன். "இன்னா வேஷம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

முதலில் இங்கிலீஷ் மிஸ் மைக்கில் வந்தார். இது ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கிரேக்க தேசத்தில் ஆடிய நாடகம், பெற்றோருக்குப் புரிய வேண்டும் என்று நானே தமிழில் எழுதினேன் என்றார். பிறகு கதையைச் சொன்னார். அண்ணன் தம்பி இரண்டு பேர் சண்டையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு சாகிறார்கள். ராஜா ஒருவனை மரியாதையோடு புதைக்கிறான். இன்னொருவன் துரோகி, அவனை நாய்க்கும் கழுகுக்கும் விட்டுவிடுங்கள், மண் போடுகிறவர்களுக்குச் சாவுதான் என்று உத்தரவு போடுகிறான். அவர்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள்.

தங்கச்சி என்றதும் நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள், திரை இன்னும் விலகாத மேடையை.

திரை விலகியதும் ஹாலில் ஒரே சலசலப்பு. கிரேக்கர்கள் செருப்பு வாரை முழங்கால் வரைக்கும் சுற்றிக் கட்டுவார்களாம். பிள்ளைகள் எல்லாரும் வெள்ளை வேட்டியைத் தோளில் முடிந்து, காலில் தோல் வார் கட்டியிருந்தார்கள். ஏதோ ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் கழிவு. எங்கள் ஊரில் தோலைப் பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? முன் வரிசையில் ஒருவர், "அது ஆட்டுத்தோலுப்பா, லைனிங் பீஸு" என்றார். "இல்ல, மாடு, ஸ்பிளிட்டு" என்றார் இன்னொருவர். பாய் மகன் தங்கக்கலர் தோலில் கிரீடம் வைத்துக்கொண்டு வந்தான். "கலர் உரியுது பாரு" என்று ஒரு பெண் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதுதான் அன்றைக்கு நான் சிரித்த கடைசிச் சிரிப்பு.

அடுத்த காட்சியில் நாலு பிள்ளைகள் ஒரு மூட்டையைத் தூக்கி வந்து மேடை நடுவில் கிடத்தினார்கள். ஆள் நீளத்துக்கு ஒரு மூட்டை, உள்ளே வைக்கோலோ பழந்துணியோ. மேலே ஒரு லுங்கியைச் சுற்றியிருந்தார்கள். நீலக் கட்டம் போட்ட குடியாத்தம் லுங்கி. ஊரில் நூறு பேர் கட்டுகிற லுங்கிதான். ஆனால் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளாக, காய்ந்து மொடமொடவென்று ஒரு கறை இருந்தது. அது கம்பெனிப் பசை. தெருவில் யார் செருப்பு அறுந்தாலும் டப்பாவை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான் என் மகன், அப்போது கொட்டிய பசை. துவைத்துத் துவைத்துப் பார்த்தும் போகாமல், அவன் அம்மா அவனைத் திட்டிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

மனைவியின் கையைப் பிடித்தேன். "அது நம்ம பையன் லுங்கி" என்றேன்.

"தெரியும்."

"எப்டித் தெரியும்?"

"நான்தான் பீரோலருந்து எடுத்துக் குடுத்தேன்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

என் மகள் வந்தாள். முடியை அவிழ்த்து விட்டிருந்தார்கள். இடுப்பில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பேசின், அதில் மண். ஆற்று மணல் இல்லை, அவனைப் புதைத்த பாலாற்றங்கரையில் இருக்கிற களி கலந்த பழுப்பு மண். மூட்டையின் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, "அண்ணா, உன்னை நாய்க்கு விடமாட்டேன்" என்று மிஸ் எழுதிக்கொடுத்த தமிழில் சொன்னாள். ஒரு பிடி அள்ளிப் போட்டாள். இரண்டாவது பிடி போட்டாள். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைத் தூக்கி, அத்தனை கூட்டத்தில் நேராக என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போட்டாள்.

அடப்பாவி மகளே, இதற்குத்தான் கூப்பிட்டாயா என்று நினைத்தேன். எழுந்து போய்விடலாம் என்றால் வரிசை நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், இரண்டு பக்கமும் முட்டிகள். ஓங்க ஒரு கை இருந்தது, கத்த ஒரு வாய் இருந்தது, அன்றைக்குத் தெருவையே அடக்கின வாய். இரண்டும் எதற்கும் உதவவில்லை. காவல்காரர்கள் அவளை ராஜாவிடம் இழுத்துக்கொண்டு போனார்கள்.

பாய் மகன் நிஜமாகவே நன்றாகக் கத்தினான். "ஒரு பெண் எனக்குக் கட்டளையிடுவதா? நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது!" என்று கையை ஓங்கினான். ஓங்கின கை அடிக்காமல் அப்படியே நின்றது. அந்தப் பையன் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. மிஸ்ஸும் வந்ததில்லை. அந்தக் கையை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

"எப்டி?" என்று பாய் என் தொடையில் தட்டினார். நன்றாகச் செய்கிறான் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "எங்கள்லயும் அடக்கம் பண்ண லேடீஸ் கபரஸ்தானுக்கு வரமாட்டாங்க. ரூல்ஸுன்னா ரூல்ஸுதானே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பாவம், அந்தப் பொண்ணு ரொம்ப அழுவுது" என்றார். அந்தப் பொண்ணு என் பொண்ணு என்று நான் சொல்லவில்லை.

ராஜாவைச் சுற்றி ஊர்ப் பெரியவர்கள் என்று பத்துப் பிள்ளைகள் பஞ்சுத் தாடி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு வேலை, எல்லாரும் ஒரே குரலில் பேசுவதுதான். "மன்னன் சொல்வதும் சரி, மங்கை சொல்வதும் சரி" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடை நின்ற அன்று அந்த நாலு பேரில் ஒருவர் 'வந்தா வரட்டும்ப்பா' என்று சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன். இதை நான் ஏழு மாதமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். பஞ்சுத் தாடிகளைப் பார்த்தபோதுதான், அவர்கள் சொல்லும்வரை நான் ஏன் காத்திருந்தேன் என்று தோன்றியது.

அவளை ஒரு குகையில் வைத்து உயிரோடு அடைத்தார்கள். அட்டைப் பெட்டிகளுக்குச் சாம்பல் பெயிண்ட் அடித்துக் கல்லாக அடுக்கினார்கள். "அப்புறம் இன்னா ஆவும்?" என்று பாயிடம் கேட்டேன். ஒத்திகை பார்த்தவர், விரலால் கழுத்தைக் காட்டினார். "தூக்கு மாட்டிக்குவா. அப்புறம் ராஜா மகன் சாவான், அப்புறம் ராணி. கடசில என் பையன் மட்டும் தனியா நிப்பான்" என்றார், சினிமாக் கதை சொல்கிற மாதிரி.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. படித்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்கள் ஊர் அம்மன் திருவிழாவில் பத்து நாள் கூத்து நடக்கும், கடைசி நாள் படுகளம். வேண்டிக்கொண்டவர்கள் போர்க்களத்தில் செத்தவர்களாகத் தரையில் படுப்பார்கள். நான் ஆறு வருஷம் படுத்திருக்கிறேன். வெள்ளைத் துணி போர்த்திவிட்டால் நீ பிணம்தான், மூச்சு விடுகிற பிணம். மஞ்சள் தண்ணி தெளித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பினால்தான் உயிர். எழுப்பாமல் எவனும் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. சின்ன வயதில் என் பிள்ளைகள் இரண்டும் ஓரத்தில் நிற்கும். மகள் என்னைப் பார்த்து அழுவாள். மகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி தெளிச்சா அப்பா எழுந்துக்கும்டி, இரு" என்பான். போன வருஷம் அவன் செத்த பிறகு நான் படுக்கப் போகவில்லை. அவனை யார் எழுப்பினார்கள், நான் எழுந்துகொள்ள?

என் மகளைப் பெஞ்சில் கிடத்தி, தலை முதல் கால் வரை வெள்ளைத் துணி போர்த்தி, நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஒரு கை மட்டும் வெளியே தொங்கியது. அந்தக் கையில் மண் ஒட்டியிருந்தது. ராஜா மனம் மாறி, நானே குழி தோண்டுகிறேன், நானே மண் போடுகிறேன் என்று ஓடி வந்தான். கண் கெட்ட பின்னே சூரிய நமஸ்காரம். பெஞ்சின் பக்கத்தில் விழுந்து, "நான்தான், எல்லாம் நான்தான்" என்று அழுதான். அங்கங்கே பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். திரை மூடியது.

கைதட்டினார்கள். நான் காத்திருந்தேன். யாராவது தண்ணி கொண்டுபோவார்கள், அவளை எழுப்பிக் கூட்டத்துக்குக் காட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் போகவில்லை. தலைமையாசிரியர் நன்றி சொன்னார். "எழுப்பலியே" என்றேன் மனைவியிடம். இனியும் தாங்காது என்று நான் எழுந்த நேரம் பார்த்துத் தேசிய கீதம் போட்டார்கள். எல்லாரும் எழுந்து விறைத்து நின்றார்கள், நானும் நின்றேன். நகர முடியாது. மூடின திரைக்குப் பின்னால் என் பிள்ளை வெள்ளைத் துணிக்கு அடியில் கிடக்கிறாள், நான் இங்கே கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். அவ்வளவு நீளமான பாட்டை என் வாழ்க்கையில் கேட்டதில்லை.

முடிந்ததும் கால்களை மிதித்துக்கொண்டு ஓடினேன். நாற்காலிக்கு அடியில் யாரோ விட்டுப்போன தண்ணி பாட்டில் கையில் கிடைத்தது. மஞ்சளுக்கு எங்கே போவேன்? மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறை. பிள்ளைகள் தாடியைப் பிய்த்துப் பிய்த்து எறிந்து சிரித்துக்கொண்டிருந்தன. என் மகள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கால் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாள் என்று கண் பார்க்கிறது. ஆனாலும் கை நிற்கவில்லை. மூடியைத் திருகி, உள்ளங்கையில் ஊற்றி, அவள் முகத்தில் தெளித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, "எழுந்திரும்மா" என்றேன். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன.

திட்டுவாள், மானத்தை வாங்கிட்டியே என்பாள் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். தண்ணி மூக்கு நுனியில் சொட்டும்வரை மூடியே இருந்தாள். பிறகு புறங்கையால் துடைத்துக்கொண்டு, "எழுந்துட்டேன்" என்றாள். "வா."

அந்த 'வா'வின் பின்னாலேயே நடந்தேன். என்னைக் கூட்டிக்கொண்டுதான் போகிறாள் என்று நம்பினேன்.

ஹாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். திரையை மறுபடி விலக்கியிருந்தார்கள். மேடை நடுவில் அந்த மூட்டை அப்படியே கிடந்தது, லுங்கியின் மேல் மண்ணோடு. பக்கத்தில் சிவப்பு பேசின். மேடைப் படிக்குக் கீழே என் மனைவி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "போடும்மா" என்றாள் மகள். "மீதி மண்ணு இருக்கு. எடுத்து வெச்சிருக்கேன்."

அம்மாவும் மகளும் மேலே ஏறினார்கள். பெற்றவள். பத்து மாதம் சுமந்தவள். அவளும் அன்றைக்குத் தெருமுனையோடுதான் நின்றாள் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவே இல்லை. மகள் சண்டை போட்டாள், அதனால் அவள் மட்டும் என் கண்ணில் பட்டாள். இவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

நானும் ஒரு செருப்பைக் கழற்றினேன். முதல் படியில் கால் வைத்தேன். மகள் மேலே இருந்து திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. சோறு போட்ட பிறகு 'போதும்' என்கிறோமே, அந்த மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"நீ இரு, அப்பா. நீ அன்னிக்கே போட்டுட்ட."

ஏழு மாதம் கழித்து அப்பா என்று அவள் வாயில் வந்தது அந்த ஒரு தடவைதான், அதுவும் வராதே என்று சொல்ல. நான் காலைக் கீழே எடுத்து வைத்தேன். மேலே என் மனைவி முட்டி போட்டு உட்கார்ந்து, பசைக் கறையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு பிடி அள்ளினாள். "என் நைனா" என்றாள், சின்ன வயதில் அவனைக் கொஞ்சிக் கூப்பிட்ட மாதிரி. இரண்டாவது பிடிக்கும் அதையேதான் சொன்னாள்.

"அங்கிள், கொஞ்சம் நகருங்க" என்றது நாற்காலி தூக்கி வந்த ஒரு பிள்ளை. ஒரு காலில் செருப்போடு, கையில் பாட்டிலோடு நகர்ந்து நின்றேன். மூன்றாவது பிடி விழுந்த சத்தம் எனக்கு அங்கே கேட்டது.